கன்னம் படாத இடம்

மேபல் டீச்சரிடம் துப்பாக்கி மூன்றுதான். கட்டைகள் ஏழு.

புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இடிக்கும். துப்பாக்கி என்று நாம் சொல்வதில் குழலும் விசையும் லீவரும் இரும்பு. தோளிலும் கன்னத்திலும் படுகிற மரம்தான் கட்டை. இரண்டு திருகைக் கழற்றினால் இரும்பு தனி, கட்டை தனி. மூன்று இரும்பும் ஒரே அச்சு. ஐம்பது வருடத்துக்கு முன் ஜெர்மனியில் செய்த, அட்டையில் வட்டம் பார்த்துச் சுடுகிற போட்டிக் காற்றுத் துப்பாக்கிகள். ஆனால் கட்டைகள் ஒன்று போல ஒன்று கிடையாது.

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் முன்பு உப்பு மூட்டை அடுக்கிய கிட்டங்கி ஒன்றுதான் டீச்சரின் கூடம். உள்ளே சுவரில் ஆணியடித்து ஏழு கட்டைகளையும் தொங்கவிட்டிருந்தார். பொடிசுகளுக்கான குட்டைக் கட்டை. ஓடுகிற குறியைச் சுடுவதற்கான மொட்டைக் கட்டை. கட்டை விரலை நுழைக்க ஓட்டை போட்டது ஒன்று. கன்னம் அமர்கிற இடத்தைக் கிண்ணம் போலக் குழித்த கட்டைகள் சில. அந்தக் கிண்ணக் கட்டைகளில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் குழி மறுபக்கம் இருந்தது. இடதுகைக்காரர்களுக்கானது. அப்படி ஒன்றை இந்தக் கரையில் வேறு எங்கும் பார்க்க முடியாது.

கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் குழியில் இன்னொருவர் கன்னம் வைக்கக் கூடாது. கட்டையை வாங்குகிற ஆள் முதல் நாளே கன்னத்தில் பவுடரைப் பூசிக்கொண்டு, கண்ணை மூடி, காலித் துப்பாக்கியைத் தூக்கிக் கட்டையில் கன்னம் வைக்க வேண்டும். எங்கே பவுடர் அப்புகிறதோ அந்த இடம் இடிக்கிறது என்று அர்த்தம். உடைந்த கண்ணாடித் துண்டால் அங்கே சுரண்ட வேண்டும். பிறகு மறுபடி பவுடர், மறுபடி சுரண்டல். குழி முழுக்க ஒரே சீராகப் பவுடர் படிகிறவரைக்கும் ஒரு குண்டுகூடக் கிடையாது.

சுரண்டச் சோம்பல்பட்டுச் சுட்டவர்கள் எல்லாரும் கட்டையைத்தான் திட்டினார்கள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். டீச்சர் அதற்கெல்லாம் பதில் சொல்கிற ஆள் இல்லை.

அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

ஆவுடையப்பன் அவர்களில் ஒருவர். பெரிய கடைத்தெருவில் பாத்திரக்கடை. அவர் மனைவி சொர்ணம் தபால் ஆபீசில் வேலை பார்த்தவள், சனிக்கிழமை சாயங்காலங்களில் இந்தக் கூடத்துக்கு வந்து சுட்டவள். அந்த ஒற்றை இடதுகைக் கட்டையில்தான் அவள் சுட்டாள். மஞ்சள் காமாலையில் அவள் போனபின், காரியம் எல்லாம் முடிந்த ஒரு சனிக்கிழமை, ஆவுடையப்பன் கூடத்து வாசலில் வந்து நின்றார். அதுவரை அவர் அங்கே கால் வைத்ததே இல்லை. சனிக்கிழமை வியாபார நாள்.

"நானும் சுடப் படிக்கணும் டீச்சர்."

"உங்களுக்கு எந்தக் கை அண்ணாச்சி?"

"சோத்துக்கைதான்."

டீச்சர் சுவரைப் பார்த்தார். அவர் எழுந்திருக்கும் முன்பே ஆவுடையப்பன் விரலை நீட்டிவிட்டார்.

"அது போதும். அவ வச்சிருந்தது."

"அது இடதுகைக் கட்டை."

"நான் இடது கையாலேயே படிச்சுக்கிடுதேன். ஒண்ணே ஒண்ணு. அதைச் சுரண்டச் சொல்லக் கூடாது. அவ குழி அப்படியே இருக்கட்டும்."

கூடத்தில் இருந்தவர்கள் டீச்சரின் முகத்தைப் பார்த்தார்கள். வழக்கத்தை மீறியதற்காக ஒரு டாக்டரையே வாசலோடு அனுப்பியவர் அவர்.

"சரி அண்ணாச்சி," என்றார் டீச்சர்.

அப்புறம் ஆவுடையப்பன் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. வலது கண்ணை மறைக்க மூக்குக்கண்ணாடியில் கறுப்பு அட்டை ஒட்டிக்கொண்டார். இடது கை விரல் விசையைத் தொட்டதும் ஓலை போல நடுங்கியது. குண்டுகள் அட்டையில் பட்டால் அன்றைக்குப் புண்ணியம். சிலது அட்டையைத் தொங்கவிட்டிருந்த சட்டத்தில் பட்டு, டங்கென்று சத்தம் போட்டு அவர் மானத்தை வாங்கின. சுடுவதற்கு முன் குழியில் இடது கன்னத்தை வைத்துக் கண்ணை மூடி ரொம்ப நேரம் நிற்பார். பக்கத்தில் நிற்பவர்கள் அந்த நேரம் சுட மாட்டார்கள். அதைக் கேலி செய்ய யாருக்கும் மனசு வரவில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் முடிவில் ஒரே கேள்வி.

"எனக்கு ஏன் டீச்சர் வரமாட்டேங்குது?"

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே பதில்.

"அடுத்த அட்டையை மாட்டுங்க அண்ணாச்சி."

ஒரு நாள் ஆவுடையப்பன் கடையிலிருந்து பேர் வெட்டுகிற சாதனத்தைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். நம் ஊரில் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் யார் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்? தாய்மாமன் சீர் என்று, இன்னார் நினைவாக என்று, அவர் கையால் வெட்டிய பேர்கள் ஊரில் பாதி வீட்டு அடுக்களையில் இருக்கின்றன. எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

"கட்டையில அவ பேரை வெட்டிக்கிடட்டுமா டீச்சர்? ஓரமா. சின்னதா."

டீச்சர் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்க கடைக்குப் பழைய பாத்திரம் வருமா அண்ணாச்சி?"

"வராம? பழசைப் போட்டுப் புதுசு எடுக்க வாரவங்கதான் பாதி யாவாரம்."

"பேர் வெட்டினதும் வருமா?"

"பேர் இல்லாம வாரதே அபூர்வம்."

"அதை என்ன செய்வீங்க?"

"மொத்தமா உருக்க அனுப்பிருவோம்."

"யாரு பேருன்னு படிச்சுப் பாப்பீங்களா?"

"எடையைத்தான பாப்பேன். பேரை எதுக்கு..."

பையில் இருந்த சாதனத்தைத் தொட்டுப் பார்த்தார். முகம் சுருங்கிப் போயிற்று.

"அது வேற, இது வேற டீச்சர்."

"சரி அண்ணாச்சி," என்றார் டீச்சர். வெட்டுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆவுடையப்பன் சாதனத்தைப் பையிலேயே வைத்துத் திருப்பிக் கொண்டுபோனார்.

ஆடி பிறந்த சமயம் உலகம்மாள் வந்தாள். போலீஸ் கான்ஸ்டபிள். சீருடையோடு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மாநில போலீஸ் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் தன் பேரும் போயிருக்கிறது, ஆனால் பயிற்சியில் சேர்ந்த நாளிலிருந்து வலது தோளில் வைத்தே சுடச் சொல்கிறார்கள் என்றாள்.

"உனக்கு எந்தக் கை?"

"நொட்டாங்கை டீச்சர். குறி பாக்கவும் இடது கண்ணுதான் வருது. அங்க இருக்கிற துப்பாக்கி எல்லாம் சோத்துக்கைக்கு உள்ளது. என்ன செய்ய? இதுல விட்டா எனக்கு வயசு தாண்டிரும். அப்புறம் சாகுற வரைக்கும் ரோட்டுல நின்னு விசில் ஊத வேண்டியதுதான்."

இடதுகைக் கட்டை அந்த நேரத்தில் ஆவுடையப்பன் கையில் இருந்தது. உலகம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். பசித்தவன் இலையைப் பார்க்கிற பார்வை அது. ஆவுடையப்பனும் அந்தப் பார்வையைப் பார்த்தார். கட்டையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

டீச்சர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ளைக்குக் கட்டை வேணும்."

"நான் இருக்கும்போது எப்படி டீச்சர்?"

"அவளுக்கு ஏத்த மாதிரி சுரண்டணும். சுரண்டினா உங்களுக்கு வேண்டிய குழி இருக்காது. அதனாலதான் கேக்குதேன்."

ஆவுடையப்பனின் குரல் உயர்ந்தது. "முடியாது டீச்சர். நீங்க அன்னைக்குச் சரின்னு சொன்னீங்க. இது கட்டை இல்ல. அவ இருக்கிற இடம். வீட்டுல அவ சேலை இருக்கு, செருப்பு இருக்கு, அதெல்லாம் சாமான். இதுலதான் அவ முகம் பட்டிருக்கு. வாரத்துல ஒரு நாள் அவ கன்னம் பட்ட இடத்துல என் கன்னம் படுது. அதுக்குத்தான் வாரேன். சுடவா வாரேன்?"

சொல்லிவிட்டு அவரே திகைத்துப் போனார். இத்தனை மாதமாக எனக்கு ஏன் வரமாட்டேங்குது என்று கேட்ட வாய் அது.

டீச்சர் எழுந்தார்.

"தர வேண்டாம் அண்ணாச்சி. ஒண்ணு மட்டும் செய்யுங்க. முதல் நாள் எல்லாரும் செய்யுதது. நீங்க செய்யலை."

"பவுடரா?"

"பவுடர் தீந்துபோச்சு. பையில திருநீறு வச்சிருப்பீங்கல்ல?"

சட்டைப் பையில் பொட்டலமாக மடித்த திருநீறு எப்போதும் அவரிடம் இருக்கும். எடுத்துக் கொடுத்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வேதக்கார டீச்சர் அதை இரண்டு கையாலும் வாங்கி, பிரித்து, அவர் இடது கன்னத்தில் பரவலாகப் பூசினார். லீவரைத் திறந்து குழலில் குண்டு இல்லை என்று பார்த்துவிட்டுத் துப்பாக்கியைக் கொடுத்தார்.

"கண்ணை மூடுங்க. எப்பவும் வைக்கிற மாதிரி வைங்க."

ஆவுடையப்பன் துப்பாக்கியைத் தூக்கி இடது தோளில் வைத்தார். கன்னத்தைக் குழியில் இறக்கினார். எப்போதும் நிற்கிறதைவிடக் கூடுதல் நேரம் நின்றார். உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எடுங்க."

கட்டையை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிக் காட்டினார் டீச்சர்.

குழியின் விளிம்பைச் சுற்றி வட்டமாக வெள்ளை படிந்திருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. மரம் தன் கறுத்த பழுப்பு நிறத்தோடு, எண்ணெய்ப் பளபளப்போடு, ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்கு அப்படியே இருந்தது. சொர்ணத்தின் முகம் சின்னது. ஆவுடையப்பனின் தாடை அகலம்.

அவர் கிண்ணங்களோடே வாழ்ந்த மனுஷர். பெரிய மூடி சின்னக் கிண்ணத்தில் எங்கே உட்காரும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

விரலை அந்தக் கறுத்த இடத்துக்குப் பக்கம் கொண்டுபோனார். தொடாமல் நிறுத்தினார்.

"இது..."

"சொர்ணக்காவோட கன்னம் இருந்த இடம் அண்ணாச்சி."

"அப்போ நான்?"

"விளிம்புல."

அவர் துப்பாக்கியைத் துப்பாக்கிகள் கிடத்துகிற மெத்தையில் வைத்தார். செருப்பை மாட்டினார். கன்னத்தில் பூசின திருநீற்றைக்கூடத் துடைக்காமல் தெருவில் இறங்கி நடந்தார்.

"நான் வந்து கெடுத்துட்டேன் டீச்சர்," என்றாள் உலகம்மாள்.

"அடுத்த சனிக்கிழமை வா," என்றார் டீச்சர்.

அடுத்த சனிக்கிழமை ஆவுடையப்பன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. உலகம்மாள் வந்து வந்து, ஆணியில் தொங்கும் இடதுகைக் கட்டையைப் பார்த்துவிட்டு, வலது தோளில் வைத்துச் சுட்டுவிட்டுப் போனாள். டீச்சர் அந்தக் கட்டையை எடுத்து அவளிடம் கொடுத்திருக்கலாம். கூடம் அவருடையது, கட்டை அவருடையது. கொடுக்கவில்லை. போலீஸ்காரி உள்ளுக்குள் புகைந்தாள். ஆளெடுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது.

கடையில் ஆவுடையப்பன் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். ஒரு மத்தியானம் ஒருவர் பித்தளைக் குடம் ஒன்றைக் கொண்டுவந்து தராசில் வைத்தார். கழுத்தைச் சுற்றிப் பேர் வெட்டியிருந்தது. ஆவுடையப்பன் வாழ்க்கையில் முதன்முறையாக எடையைப் பார்க்குமுன் அதைப் படித்தார். செண்பகக்குழல் என்று இருந்தது.

"இது யாருங்க, செண்பகக்குழல்?"

வந்தவர் யோசித்தார். "எங்க அப்பாவோட அத்தையா இருக்கும். சரியாத் தெரியலை. ஏன், பேர் இருந்தா எடுக்க மாட்டீங்களா?"

"எடுப்போம், எடுப்போம்."

அன்றைக்கு அந்தக் குடத்தை மட்டும் பழசுக் குவியலில் போடாமல் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தார். செண்பகக்குழல் கறுப்பா சிவப்பா, அவள் எந்தக் கையால் தண்ணீர் மொண்டாள், ஒன்றும் தெரியவில்லை. அதைவிட ஒன்று அவரை அறுத்தது. சொர்ணத்தின் இடது கையைப் பற்றியும் அவருக்கு ஒன்றும் தெரியாது. கல்யாணம் ஆன புதிதில், கடைக்கு வந்தவருக்கு அவள் இடது கையால் தம்ளரை எடுத்துக் கொடுத்தாள். "நொட்டாங்கையால குடுக்காத, லட்சுமி போயிருவா" என்று நாலு பேர் முன்னால் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் இடது கையை அவர் பார்த்ததில்லை. சுடுகிறபோது எப்படி நிற்பாள் என்று ஒரு நாள் வந்து பார்த்திருக்கலாம். கூடம் கடையிலிருந்து கூப்பிடு தூரம்தான்.

மறுநாள் காலை குடத்தை அவரே தூக்கிக் குவியலில் வைத்தார்.

சனிக்கிழமை கடையைப் பாதியில் அடைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார். உலகம்மாள் இருந்தாள். ஆவுடையப்பன் யாரிடமும் பேசாமல் ஆணியிலிருந்து இடதுகைக் கட்டையை எடுத்தார்.

"நானே சுரண்டித் தாரேன் டீச்சர். கிண்ணம் குழிக்க எனக்குக் கை வரும்."

டீச்சர் அலமாரியிலிருந்து கண்ணாடித் துண்டை எடுத்து, துணி சுற்றிய பக்கத்தை அவர் பக்கம் நீட்டினார்.

உலகம்மாள் கன்னத்தில் பவுடர் பூசினாள். கண்ணை மூடிக் கட்டையில் கன்னம் வைத்தாள். முன் விளிம்பில் வெள்ளை அப்பியது. ஆவுடையப்பன் அங்கே சுரண்டினார். மறுபடி வைத்தாள். பின் விளிம்பு. அங்கேயும் சுரண்டினார். மரம் மெல்லிய சுருளாக வந்து அவர் வேட்டியில் விழுந்தது. உளுந்த மாவின் பதம் பார்ப்பதுபோல விரலால் தடவித் தடவிப் பார்த்தார். கை நடுங்கவில்லை. வலது கையால் செய்கிற வேலையில் அவர் சூரர் என்று கூடத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

விளிம்பு முழுக்க இறங்கிவிட்டது. நடுவில் அந்தக் கொட்டைப்பாக்கு அளவு இடம் மட்டும் பழைய பளபளப்போடு நின்றது.

"இப்போ எப்படி இருக்கும்மா?"

உலகம்மாளுக்கு அந்த இடத்தின் கதை தெரியும். கன்னத்தை வைத்துப் பார்த்தாள். எடுத்தாள். டீச்சரைப் பார்த்தாள்.

"பரவால்ல அண்ணாச்சி. இதுவே போதும்."

"இடிக்குதா?"

அவள் கன்னத்துப் பவுடரைத் துடைத்தாள்.

"இடிக்குதான்னு கேட்டேன்."

"எலும்புல லேசா இடிக்குது அண்ணாச்சி. நடுவுல."

ஆவுடையப்பன் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் ஊதியது. டீச்சர் போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் விட்டிருப்பார். எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போயிருந்தாலும் போயிருப்பார். டீச்சர் சொல்லவில்லை.

வலது கையில் இருந்த கண்ணாடித் துண்டைக் கீழே வைத்தார். இடது கன்னத்தைக் குழிக்குள் இறக்கினார். விளிம்பு தாழ்ந்திருந்ததால் இந்த முறை முகம் உள்ளே போனது. கறுத்த இடத்தில் கன்னம் பட்டது. மரம் சில்லென்று இருந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. அழுதுவிட்டார். அந்தக் கூடத்தில் அவர் அழுதது அதுதான் முதல் தடவை. அழுது முடித்து, தோள் துண்டால் முகத்தையும் மரத்தையும் துடைத்து, கண்ணாடித் துண்டை எடுத்துச் சுரண்டத் தொடங்கினார்.

உள்ளே இருந்து வெளுத்த, புது மரம் வந்தது.

கடைசியாகப் பவுடர் பூசி வைத்தபோது குழி முழுக்க ஒரே சீராக வெள்ளை படிந்தது. டீச்சர் இரும்பை எடுத்து அந்தக் கட்டையில் இறக்கித் திருகுகளை முறுக்கினார். உலகம்மாளிடம் கொடுத்தார்.

உலகம்மாள் கோட்டில் போய் நின்றாள். இடது தோளில் துப்பாக்கி. இடது கன்னம் கட்டையில். ஒரு பெண் இடது கையால் சுடுவதை ஆவுடையப்பன் அதுவரை பார்த்ததே இல்லை. இருந்த ஒற்றைக் கட்டையையும் தானே வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தவருக்கு எப்படித் தெரியும்? சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து, கறுப்பு அட்டை ஒட்டாத வேறு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

அவள் மூச்சை விட்டாள். நிறுத்தினாள். விரல் அசைந்ததே தெரியவில்லை. அட்டையின் நடுவட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. அடுத்ததும் அதையொட்டி விழுந்தது. அதற்கடுத்தது நடுவட்டத்தையே எடுத்துக்கொண்டு போனது. போலீஸ்காரி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த பிறகு எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிம்மா," என்றார் ஆவுடையப்பன். "உன்னை எடுக்கத்தான் போறாங்க."

பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"சொர்ணம் இப்படித்தான் நிப்பாளா டீச்சர்?"

"இல்ல அண்ணாச்சி. அவங்க இன்னும் நேரா நிப்பாங்க."

"அப்படியா?"

"தலையைக் கட்டைக்குக் கொண்டுபோக மாட்டாங்க. கட்டையைத் தலைக்குக் கொண்டுவருவாங்க."

ஆவுடையப்பன் அதைக் கேட்டு வெகுநேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். வீட்டில் அவள் எதற்கும் தலை குனிந்துதான் அவர் பார்த்திருக்கிறார்.

டீச்சர் எழுந்து சுவரிலிருந்து ஒரு வலதுகைக் கிண்ணக் கட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"இது யாரோடது?"

"மதுரைக்கு மாத்தலாகிப் போனார்ல, சார்பதிவாளர். அவரோடது. கண்ணாடித் துண்டு உங்க கையிலதான் இருக்கு."

அவர் அந்தக் குழியைத் தடவினார். யாரோ ஒருவரின் பெரிய கன்னம். சுரண்ட ஆரம்பிக்கவில்லை. வேட்டியில் விழுந்து கிடந்த மரச் சுருள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தார்.

"மனசு கேக்க மாட்டேங்குது டீச்சர். ஊருல அவ முகம் பட்ட இடம் இது ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் என் கையாலேயே அழிச்சுட்டேன்."

டீச்சர் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"சொர்ணக்கா முதல்ல வந்த அன்னைக்கு, எந்தக் கைன்னு கேட்டேன். உடனே சொல்லலை. வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டு, இடதுன்னாங்க. இந்தக் கட்டையைக் கொடுத்தேன்."

ஆவுடையப்பன் நிமிர்ந்தார்.

"அப்பவே அதுல ஒரு குழி இருந்துச்சு அண்ணாச்சி. எந்த ஊர்க்காரியோ, எவளோ, அவ கன்னத்துக்கு ஏத்த மாதிரிச் சுரண்டி வச்சிருந்தா. பளபளன்னு இருந்துச்சு. சொர்ணக்கா அதைத் தடவிப் பாத்துட்டுச் சுரண்ட மாட்டேன்னுட்டாங்க. யாரோ முகத்தைச் சுரண்டுத மாதிரி இருக்கு, பாவம், எனக்கு வேண்டாம்னு கட்டையை என்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டாங்க."

"அவ அப்படித்தான்."

"மறு சனிக்கிழமை வந்து, அவங்களாவே எடுத்துச் சுரண்டினாங்க. இதே இடத்துல உக்காந்து. இடது கையால."

"அழுதாளா?"

"அழுதாங்க."

உலகம்மாள் துப்பாக்கியை இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் முடிச்சு, மரத்தூளைத் தட்டி விட்டுட்டு, என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. எனக்கு அப்புறம் இதை யாரு டீச்சர் சுரண்டுவாங்கன்னு."

ஆவுடையப்பனின் உள்ளங்கை மூடிக்கொண்டது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியலைன்னு சொன்னேன் அண்ணாச்சி. அப்போ தெரியலை."